ஐ.நா.வுக்கு கே.வி.குப்பம் வழியாகப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

சர்வதேச வளர்ச்சி, அதாவது 'டெவலப்மென்ட் ஸ்டடீஸ்' படிப்பு பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு எங்கள் கல்விப் பக்கக் குழுவினர் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

பி.ஏ. பொருளியல் கடைசி வருடம் படிக்கிறேன். எம்.ஏ. டெவலப்மென்ட் ஸ்டடீஸ் முடித்தால் ஐ.நா.வில் வேலை நிச்சயம் என்கிறார் சீனியர் அக்கா. டிகிரி முடிந்த கையோடு சேர்ந்துவிடட்டுமா?
– வாசகி, காட்பாடி

அக்கா சொன்னதில் பாதிதான் சரி. ஐ.நா.வில் இளையவர்களுக்கான பி-2 பதவிக்கு முதுகலைப் பட்டத்தோடு குறைந்தது 2 வருட அனுபவமும் கேட்பார்கள். பி-3 என்றால் 5 வருடம். அனுபவம் இல்லாத விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். 'இளம் தொழில்முறையாளர் திட்டம்' என்ற தேர்வு வழி ஒன்று உண்டு. 32 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அந்த வருடப் பட்டியலில் உள்ள நாட்டவர்தான் எழுத முடியும், இந்தியா எல்லா வருடமும் அதில் இருக்காது. உங்கள் வயதுக்குத் திறந்திருக்கும் கதவு ஐ.நா. தொண்டர் திட்டம். அதன் இளைஞர் பிரிவுக்கு 18 முதல் 26 வயது வரை.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு 2025 ஜூலை 1-ம் தேதியோடு மூடப்பட்டது. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்துவிட்டது. பத்து, பதினைந்து வருட அனுபவக்காரர்களே இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு போட்டி போட முடியாது.

ஆகவே எங்கள் யோசனை: முதலில் 2 வருடம் வேலை, பிறகு எம்.ஏ. அந்த வேலையும் 'என்.ஜி.ஓ.வில் இருந்தேன்' என்ற அளவில் நின்றுவிடக் கூடாது. ஒரு துறை, ஒரு கைத்தொழில் இரண்டும் பிடிபட வேண்டும். துறை என்றால் சுகாதாரம், குடிநீர், சுயஉதவிக் குழுக் கடன் மாதிரி. கைத்தொழில் என்றால் சர்வே நடத்துவது, வரவு செலவு அறிக்கை எழுதுவது, ஒரு திட்டம் பலன் தந்ததா என்று அளப்பது. உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கே.வி.குப்பம். சி.எம்.சி.யின் கிராமப்புற சுகாதார, சமூகப் பிரிவான ரூசா 1977 முதல் அங்கே இயங்குகிறது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை அதைவிடப் பழையது. இரண்டின் பெயரையும் பொதுச் சுகாதாரம் படித்த வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பலர் அறிவார்கள். அப்படி ஓர் இடத்தில் பார்த்த வேலைக்கு விண்ணப்பத்தில் நிச்சயம் எடை உண்டு.

காத்திருக்க முடியாது, உடனே படித்தாக வேண்டும் என்றால் இந்தியாவிலேயே படியுங்கள். மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) என்றால் சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வும், சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.ஏ.வுக்கு கேட் (GATE) மதிப்பெண்ணும் வேண்டும். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தனியாகத் தேர்வு நடத்துகிறது. எங்கே சேர்ந்தாலும் புள்ளியியல் தாளைத் தள்ளிப்போடாதீர்கள். 'கணக்கு வராது, அதனால் இந்தப் படிப்புக்கு வந்தேன்' என்பவர்கள்தான் வேலை தேடும்போது அதிகம் திணறுகிறார்கள்.

மகளுக்கு பிரிட்டனில் ஒரு வருட எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. பணத்தை அவள் பெரியப்பா கணக்கில் வைத்துக் காட்டலாம் என்கிறார் ஏஜென்ட். சரிதானா? உதவித்தொகை கிடைக்குமா?
– தந்தை, குடியாத்தம்

வேண்டாம் ஐயா. விசா நிராகரிப்புக்கு இதுவே போதும். பணம் மாணவியின் கணக்கில் இருக்க வேண்டும், அல்லது பெற்றோர் கணக்கில். பெற்றோர் கணக்கு என்றால் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் உங்கள் சம்மதக் கடிதமும் சேர வேண்டும். அவளுடைய பெரியப்பா உதவ விரும்பினால் பணத்தை முன்கூட்டியே உங்கள் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். அங்கே அது தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள், நகைக்கடன் தவணைக்காகவோ கல்யாண மொய்க்காகவோ எடுத்துத் தொகை கொஞ்சம் இறங்கினாலும் 28 நாளை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். அந்த 28-ம் நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் நடுவே 31 நாளுக்கு மேல் போகவும் கூடாது. கட்டணம், வாழ்க்கைச் செலவு தவிர, சுகாதாரக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்டு விசாவோடே கட்ட வேண்டும். ஏஜென்ட்கள் பலர் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

உதவித்தொகை விஷயம்: பிரிட்டனின் செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் 2 வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கு டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு தரும் உதவித்தொகைக்கும் 2 வருட அனுபவம் கட்டாயம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தைப் பாருங்கள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. 2022-ல் திருத்திய விதிப்படி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்திய சமூகம் பற்றிய படிப்புகளுக்கு அந்தத் தொகை கிடையாது. இந்திய கிராமங்களை ஆராய வெளிநாடு போகிறேன் என்று எழுதினால் அதிலேயே அடிபடும். வளர்ச்சிப் படிப்பு மாணவர்களைத்தான் இந்த விதி நேராகத் தாக்குகிறது. எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. ஆனாலும் விதி விதிதான்.

ஐ.நா. வேலைக்கு 'பதிவுக் கட்டணம்' ரூ.18,000 கேட்டு மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா?
– வாசகர், ஆற்காடு

கட்டாதீர்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை.

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆய்வேடு. சொந்த மாவட்டத்தைப் பற்றி எழுதினால் வெளிநாட்டில் மதிப்பு இருக்காது, ஆப்பிரிக்கா பற்றி எழுது என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகி, திருப்பத்தூர்

இந்தத் துறையின் கதையே தெரியாதவர்கள் சொல்லும் பேச்சு இது. பசுமைப் புரட்சி விவசாயியின் கையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று பார்க்க, 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தேடி வந்த இடம் உங்கள் பகுதியை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்கள். 1980-களில் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து திரும்ப வந்து அளந்தன. ஆரணி நகரத்தை பிரிட்டிஷ் ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து, 1971-ல் சென்னையில் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய மால்கம் ஆதிசேசையா வேலூர்க்காரர். தைரியமாக எழுதுங்கள். ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, மாவட்ட எல்லை. 1981 கணக்கெடுப்பின் வட ஆற்காட்டில் திருவண்ணாமலையும் அடக்கம், 1989-ல்தான் பிரிந்தது. 2011-ன் வேலூரில் இன்றைய ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்திருக்கின்றன; அவை தனி மாவட்டமானது 2019-ல். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019–21-ல் நடந்தாலும், 2017 மார்ச் மாத மாவட்டப் பட்டியலைப் பின்பற்றியது. அதனால் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம்தான், திருப்பத்தூருக்குத் தனி அறிக்கை கிடையாது. மூன்று எண்களையும் வரிசையாக வைத்து 'வறுமை குறைந்தது' என்று எழுதினால் ஆய்வேடு அங்கேயே கவிழும். தாலுகா அளவுக்கு இறங்குங்கள். 2011-ன் வாணியம்பாடி, திருப்பத்தூர் தாலுகாக்களைக் கூட்டினால் ஏறத்தாழ உங்கள் இன்றைய மாவட்டம் வரும். அந்த 'ஏறத்தாழ'வை ஆய்வேட்டிலும் எழுதுங்கள்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் விதம். பீடி சுற்றும் அம்மாவிடம் போய் "என்ன வேலை செய்றீங்க?" என்றால், முறத்தில் இலையும் தூளும் மடியில் இருக்கும்போதே, "வேலையா? வீட்ல சும்மாதாம்மா இருக்கேன்" என்பார். நீங்கள் படிவத்தில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவீர்கள். பெண்களின் உழைப்பு புள்ளிவிவரத்தில் காணாமல் போவது இப்படித்தான். நேற்றைய நாளைப் பிடித்துக் கேளுங்கள்: நேற்று காலையில் எத்தனை மணிக்குப் பீடி எடுத்து உட்கார்ந்தீர்கள், எத்தனை கட்டு முடிந்தது, இலை வெட்டியது யார், பள்ளிவிட்டு வந்த பிள்ளை மடித்துக் கொடுத்ததா, கணக்கில் எத்தனை பீடி கழிவு என்று தள்ளினார்கள், ஆயிரத்துக்கு என்ன கொடுத்தார்கள். கடைசி இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூலி விகிதம் மாறாமலேயே கழிவின் வழியாகக் கைக்கு வரும் காசு குறையலாம்.

படிவத்தைக் கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவசச் செயலியில் செய்யலாம். சிக்னல் இல்லாத ஜவ்வாது மலையிலும் போனில் பதிந்துகொண்டு கீழே வந்து அனுப்பலாம். முதலில் 10 வீட்டில் சோதனை செய்யுங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் கேள்விகளைக் குறையுங்கள். பேசும் நேரமெல்லாம் அவர் கை நின்றுபோகிறது, அது அவருடைய கூலி.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் 4 வருடமாக கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருக்கிறேன். வயது 27. இந்தத் துறைக்கு மாற முடியுமா?
– வாசகர், ஆம்பூர்

நீங்கள் ஏற்கெனவே துறைக்குள்தான் இருக்கிறீர்கள், தம்பி. வெளிநாட்டு பையர்களின் ஆடிட், ஓவர்டைம் பதிவேடு, கழிவுநீர் அறிக்கை எல்லாவற்றையும் உள்ளிருந்து பார்த்தவர்கள் மாஸ்டர்ஸ் வகுப்பில் குறைவு. பொதுவான வளர்ச்சிப் படிப்பு உங்களுக்கு வேண்டாம். தொழிலாளர் உரிமை, சப்ளை செயின், சுற்றுச்சூழல் ஆகியவற்றில் ஒன்றை மையமாக வைத்த படிப்பைத் தேடுங்கள். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு, விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்க அறிக்கையை (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) எழுதுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் வலுவாக ஊன்றியது அது. பயோடேட்டாவில் 'ஆடிட் வேலை பார்த்தேன்' என்று முடித்துவிடாதீர்கள். எத்தனை ஆடிட், எத்தனை குறை கண்டுபிடித்தீர்கள், அதில் எத்தனை சரிசெய்யப்பட்டது என்று எண்ணோடு எழுதுங்கள்.

பிரெஞ்சு கட்டாயமா?
– வாசகி, வாணியம்பாடி

கட்டாயமில்லை. மேற்கு ஆப்பிரிக்க வேலைகளுக்கு மட்டும் அது இல்லாமல் நகராது. தமிழோடு உருதும் தெலுங்கும் பேசுவீர்கள் என்றால் அதை முதலில் எழுதுங்கள். இலங்கைத் திட்டங்களில் தமிழுக்கே தனி மதிப்பு உண்டு. பிரெஞ்சில் பி2 (B2) என்ற தேர்ச்சி நிலைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை 'அடிப்படை' என்று மட்டும் போடுங்கள். நேர்காணலின் நடுவே திடீரென்று பிரெஞ்சுக்கு மாறிக் கேட்பார்கள்.