இன்ஸ்டாகிராமில் கூடப் படித்தவர்களைப் பார்த்தால் என்மேலேயே வெறுப்பு வருகிறது. தன்மேல் பரிவு காட்டப் பழகுவது எப்படி?

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வி எங்கள் கம்பெனி பஸ்ஸிலும் தினமும் ஓடுகிறது.

துணியில் கோணலாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அப்படி ஒரு பீஸைக் கெடுத்துவிட்டுக் கண் கலங்கி நின்றாள். பக்கத்து மிஷின் அக்கா, "இன்னாத்துக்கும்மா அழற? வந்த புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான் ஆவும். தண்ணி குடிச்சிட்டு வா, காட்றேன்" என்றார்.

அதே பெண் சாயங்காலம் பஸ்ஸில் போனைத் திறந்தாள். கூடப் படித்தவள் சத்துவாச்சாரியில் புது வீட்டில் பால் காய்ச்சும் ரீல்ஸ். "நீயெல்லாம் எதுக்குடி இருக்க" என்று தன்னையே திட்டிக்கொண்டதாக என்னிடம் சொன்னாள். அக்காவிடம் கிடைத்த பேச்சை அவளால் தனக்குக் கொடுக்க முடியவில்லை.

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் தன்பரிவை மூன்றாகப் பிரித்து எழுதினார்: தன்னிடம் கனிவு, இது மனிதர் எல்லோருக்கும் வருவதுதான் என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் பார்ப்பது. அக்கா பேசிய நாலு வார்த்தையில் மூன்றுமே இருக்கின்றன. போன் முதலில் பறிப்பது நடுவில் உள்ளதை என்பேன். அடுத்தவரை வைத்துத் தன்னை அளப்பது மனித இயல்பு, உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதியதுதான். ஆனால் தெருவில் பழகும்போது பால் காய்ச்சுவதோடு வட்டிக்கு அலைவதும் கண்ணில் படும். போனில் அது வராது.

சரி, என்ன செய்யலாம்? மனசு சுருக்கென்றதும் போனைக் கவிழ்த்து வையுங்கள். "பொறாமையா இருக்கு, பயமா இருக்கு" என்று உள்ளதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே, உங்கள் பெயரைப் போட்டு, தோழிக்கு எழுதுவதுபோல இரண்டு வரி எழுதுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். விடாதீர்கள், எனக்கு இதுதான் கைகொடுக்கிறது.

இப்படி இளகினால் சோம்பேறி ஆகிவிடுவோமோ என்று பலருக்குப் பயம். பிரைன்ஸ், சென் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கோட்டைவிட்ட பிறகு தன்மேல் பரிவு கொள்ளத் தூண்டப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள்.

சொந்தக்காரர்களை அன்ஃபாலோ செய்தால் கல்யாண வீட்டில் பேச்சு வரும். மியூட் போடுங்கள், அவர்களுக்குத் தெரியாது.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். வேலூர்ப் பக்கம் என்றால் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது.