நீர்மின்சாரத்தின் பயனை எடுத்துச் சொல்வது எப்படி? கேள்வி பதில்

நீர்மின் உற்பத்திப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஈரோடு மாவட்டம்): மேட்டூரில் மின்சாரம் எடுத்தபின் வரும் தண்ணீரில் சத்து இருக்காது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது, ஐயா?

பதில்: அந்தப் பெரியவர்களை மறுப்பதற்கு முன், அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அணை கட்டுவதற்கு முன் வெள்ளத்தோடு வயலுக்கு வந்த வண்டலில் பெரும்பகுதி இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகிறது. அது அணையால் நேர்வது. டர்பைனுக்கும் (விழும் நீரால் சுழன்று மின்சாரம் எடுக்க உதவும் சக்கரம்) அதற்கும் தொடர்பில்லை. டர்பைன் எடுத்துக்கொள்வது, உயரத்திலிருந்து விழுவதால் நீருக்குக் கிடைக்கும் ஆற்றலை மட்டும்தான். உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் வெளியே வந்து பாசனத்துக்குப் போகிறது.

வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வீட்டு மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை எல்லாரும் பார்த்திருப்பார்கள். நீலகிரியின் பைக்காரா மின்நிலையத்தில் தண்ணீர் ஏறத்தாழ 3,000 அடி இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து அந்த ஒரு தொட்டித் தண்ணீர் இறங்கினால் சுமார் 2 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதே தொட்டி மேட்டூரில் 40 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு யூனிட்டைக்கூட எட்டாது. பைக்காராவில் நீர் கொஞ்சம், உயரம் அதிகம். மேட்டூரில் உயரம் கொஞ்சம், நீர் அதிகம். இது புரிந்துவிட்டால் மலை, மழை, காடு எல்லாவற்றின் அருமையும் மாணவர்களுக்குத் தானாகவே விளங்கத் தொடங்கும்.

கேள்வி (எரிசக்திக் கொள்கை ஆய்வு மாணவர்): மாநிலத்தின் மொத்த மின்சாரத்தில் நீர்மின்சாரத்தின் பங்கு சிறியது. அப்படியிருக்க, கொள்கை வகுப்பவர்களிடம் எந்த வாதத்தை முன்வைப்பது?

பதில்: ஆண்டு யூனிட் கணக்கை முதலில் வைத்தால் தோற்றுப்போவீர்கள். தமிழ்நாட்டின் நீர்மின் நிறுவுதிறன், அதாவது எல்லா நிலையங்களும் முழுமையாக ஓடினால் ஒரே நேரத்தில் கிடைக்கும் அளவு, சுமார் 2,300 மெகாவாட்தான். எந்த நேரத்தில், எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, நாடு முழுவதும் ஒன்பது நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு வேண்டுகோள் விடுக்கப்பட்டது நினைவிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்து, உடனே மீண்டும் ஏறியது. அனல்மின் நிலையங்களால் அந்த வேகத்துக்கு இறங்கி ஏற முடியாது. சுமார் 25 நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 17,500 மெகாவாட் அளவுக்கு உற்பத்தியைக் குறைத்து, பிறகு உயர்த்திக் கொடுத்தவை நீர்மின் நிலையங்கள். நாட்டின் மின்கட்டமைப்பின் அதிர்வெண், தேவையும் உற்பத்தியும் சமமாக இருப்பதைக் காட்டும் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நின்றது. என் பணிக்காலம் முழுவதும் நான் சொல்ல முயன்றதை அந்த ஒன்பது நிமிடங்கள் நாட்டுக்கே காட்டிவிட்டன என்று அன்று இரவு நெகிழ்ந்துபோனேன்.

இதிலிருந்து நேராகச் சூரிய மின்சாரத்துக்கு வாருங்கள். நண்பகலில் பெருகும் சூரிய மின்சாரம், வீடுகளில் விளக்கெரியும் மாலையில் இல்லாமல் போகிறது. 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம், மின்சாரம் மிகுந்த நேரத்தில் மேல் ஆழியாற்றிலிருந்து தண்ணீரை மேலேற்றி வைத்துக்கொண்டு, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்கி மின்சாரம் தருகிறது. 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தின் நோக்கமும் இதுவே. ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: மேலேற்றச் செலவிடும் நான்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். இதை நிதித்துறை அதிகாரி கேட்டு நீங்கள் ஒப்புக்கொள்வதைவிட, நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி (பத்திரிகையாளர்): "முற்றிலும் தூய்மையான மின்சாரம்" என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். நிலக்கரிப் புகையும் சாம்பலும் இல்லை என்று எழுதலாம், அது உண்மை. ஆனால் தேங்கிய நீரின் அடியில் அழுகும் தாவரங்களிலிருந்து, புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயு வெளிவரும். காடு மூழ்கும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாமென்று மக்கள் போராடியதால்தான் 1984-இல் அது தேசியப் பூங்காவானது. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் பனிப்பாறை ஏரி உடைந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் திட்டத்தின் அணையையே அடித்துச் சென்றது. இமயமலையின் இடரையும் நீலகிரியின் இடரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் இடரே இல்லை என்பதுபோல் எழுதினால், அதன்பின் நீங்கள் எழுதும் நன்மைகளையும் வாசகர் நம்பமாட்டார்.

மேட்டூர் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் காலங்களில் பண்ணவாடிக்குப் போய்ப் பாருங்கள். மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்கு மேலே தெரியும். அங்கே ஊர்கள் இருந்தன. அந்த ஊர்களையும் குறிப்பிட்டு எழுதும் கட்டுரையே நேர்மையானது.

கேள்வி (ஊராட்சி உறுப்பினர், மலைக்கிராமம்): எங்கள் பகுதியில் ஒரு திட்டம் வருமென்கிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் தரப்பட வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் விதி. முதலில் அந்தச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி ஊரில் எல்லார் முன்னிலையிலும் வாசியுங்கள். 2008-ஆம் ஆண்டின் தேசிய நீர்மின் கொள்கை, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 விழுக்காடு இலவச மின்சாரத்தோடு, வட்டார வளர்ச்சிக்கென மேலும் 1 விழுக்காட்டையும், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்தாண்டுகளுக்கு மாதம் 100 யூனிட்டையும் பேசுகிறது. இவற்றில் எவை உங்கள் திட்டத்துக்குப் பொருந்தும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

திட்டத்தை விளக்க வரும் பொறியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கிராமத்தில் அரை மணி நேரம் மெகாவாட் கணக்குச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தபோது, முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், "சுரங்கம் வெட்டினா எங்க ஊத்துல தண்ணி நிக்குமா, தம்பி?" என்று கேட்டார். நான் கொண்டுபோன தாள்களில் அதற்கு விடை இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த ஊற்றுகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, நீர்வரத்தை அளந்து எழுதிக்கொண்டுதான் போனேன். அன்றுதான் எங்கள் பேச்சு உண்மையில் தொடங்கியது.

கேள்வி (கல்லூரி மாணவி): பெரிய நீர்மின் திட்டங்கள் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் சேருமா?

பதில்: சேரும். 25 மெகாவாட்டுக்கு மேற்பட்டவற்றையும் 2019 மார்ச்சில் மத்திய அரசு அந்த வகையில் சேர்த்தது. அதற்கு முன் சிறிய திட்டங்கள் மட்டுமே அப்படிக் கருதப்பட்டன.

கேள்வி (விவசாயி, தேனி மாவட்டம்): மழை பொய்த்தால் நீர்மின்சாரமும் பொய்த்துவிடுமே?

பதில்: ஆம், பொய்த்துவிடும். மேட்டூர், பெரியாறு போன்ற இடங்களில் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரைச் சார்ந்தே உற்பத்தி அமைவதால், அணை வற்றினாலும் மதகு மூடினாலும் டர்பைன் நின்றுவிடும். அதனால்தான் ஆண்டுச் சராசரி என்ற ஒற்றை எண்ணைச் சொல்லும் விளம்பரங்களை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் அணையின் நீர்மட்டத்தையும் அந்த மாத உற்பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்த மாதம் மின்சாரம் வரும், எந்த மாதம் வராது என்பதை ஊரே பார்த்துத் தெரிந்துகொள்ளும்.