புனர்வாழ்வு மருத்துவத்தில் பட்டப்பின் பயிற்சி: மலையகத்து வைத்தியர் ஒருவர் இத்துறையைத் தேர்ந்தெடுக்கலாமா?

மலையகத்தில் பிறந்து உள்ளகப் பயிற்சியை முடிக்கும் நிலையில் இருக்கும் நீங்கள், நோயாலோ காயத்தாலோ இயக்கம் இழந்தவரை மீண்டும் அன்றாட வாழ்வுக்குப் பழக்கும் உடலியல் மருத்துவமும் புனர்வாழ்வும் என்ற துறைக்குப் போகலாமா, அந்தப் பயிற்சியில் உண்மையில் என்னதான் கற்றுத்தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வளர்ந்து, இப்போது அதே துறையில் பயிற்சியின் பிற்பகுதியில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இலங்கையில் இத்துறை தனித்து நிற்பதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மூட்டுவாதவியலும் புனர்வாழ்வும் ஒரே விசேட துறையாகவே இருக்கின்றன. அதனால் காலையில் கிளினிக்கில் விரல் மூட்டுகள் வீங்கிய பெண்களைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த இளைஞரின் கட்டிலருகில் நிற்பீர்கள். எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சை, நிபுணராகும் முன் சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டில் ஒரு பகுதி என்று வருடங்கள் ஓடும் என்பதை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது. இந்தியாவில் இது மூன்று வருட எம்.டி. படிப்பு. அமெரிக்காவில் பொதுவான மருத்துவப் பயிற்சியாக முதல் வருடமும் துறைக்கென்று மூன்று வருடங்களுமாக 4 வருடங்கள். அந்த மூன்றில் குறைந்தது 12 மாதங்கள் விடுதி நோயாளருடனும் 12 மாதங்கள் வெளிநோயாளருடனும் கழிய வேண்டும், நரம்பு, தசை ஆகியவற்றின் மின்பரிசோதனைகளும் ஏறத்தாழ 200 செய்து பழக வேண்டும்.

தமிழ் பேசும் நம்மவர்கள் பலருக்கு இத்துறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வழியாகத்தான் அறிமுகமாகியிருக்கும். அங்கே பணியாற்றிய வைத்தியர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு வாகன விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் இத்துறையின் முன்னோடியான ஹவர்ட் ரஸ்க்கிடம் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் உருவாகக் காரணமானார். இத்துறையின் நோயாளியாகவும் நிபுணராகவும் ஒருவரே வாழ்ந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பயிற்சியின் அன்றாடத்தில் அளவுகோல்கள் நிறைய உண்டு. இறுகிய தசையை அஷ்வர்த் அளவில் மதிப்பிடுவீர்கள். முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயமுற்றவருக்குத் திடீரெனத் தலையிடித்து இரத்த அழுத்தம் ஏறினால், மருந்தைத் தேடுவதற்கு முன் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் வடியப் போட்டிருக்கும் குழாய் மடிந்து அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கப் பழகுவீர்கள். இவையெல்லாம் புத்தகத்திலும் உண்டு, விடுதியிலும் கைவந்துவிடும். எனக்கு வராமல் இருந்தது வேறொன்று.

பயிற்சியின் தொடக்கத்தில் நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், பாரிசவாதத்தால் வலப்பக்கம் விழுந்துபோன ஒரு தாயார் இருந்தார். ஐம்பதைக் கடந்தவர், தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அன்றாடக் காரியங்களைத் தானே செய்யும் திறனை நூற்றுக்கு மதிப்பிடும் பார்தெல் அளவில், ஆறு வாரத்தில் 25 இலிருந்து 75க்கு வந்தார். ஊன்றுகோலுடன் விடுதியின் நடைபாதையில் நடந்தார், பயிற்சிக் கூடத்தின் மூன்று மரப்படிகளில் ஏறி இறங்கினார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. சக்கர நாற்காலி ஒன்றையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். மூன்றாவது வாரம் அவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலத் தோள்மூட்டு இறங்கி, தொட்டாலே வலித்தது. "மிஸ், ரோட்டிலிருந்து லயத்துக்கு முப்பத்தெட்டு படி இறங்கணும். அந்த நாற்காலி இஸ்தோப்பிலேயே கெடக்குது. அம்மாவ நாங்க கையப் புடிச்சுத்தான் தூக்குறோம்" என்றார் மகள். நாங்கள் கொடுத்த நாற்காலி அந்த வரிசை வீட்டின் முன்திண்ணையில் முடங்கிக் கிடந்தது. அவர்கள் பிடித்துத் தூக்கியது விழுந்துபோன கையை. அப்படிப் பிடிக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த லயத்துக்குப் போனேன். மண்மேட்டின் சரிவில் கல் பதித்து வெட்டிய படிகள், ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாதவை, மழையில் பாசி பிடித்தவை. மலசலகூடம் அவர்கள் வசிக்கும் அறையான காம்பராவுக்குப் பின்னால், ஒரு வடிகானைத் தாண்டி. எங்கள் மரப்படிகளுக்கோ இருபக்கமும் கைப்பிடி இருந்தது. படியேறுவதைப் பார்தெல் அளவும் கேட்கிறது; எந்தப் படி என்று கேட்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2001இல் வெளியிட்ட இயலாமை வகைப்பாட்டில் சுற்றுச்சூழலும் ஒரு கூறு என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள், அது என்ன சொல்கிறது என்பதை அந்தக் கானின் ஓரத்தில்தான் விளங்கிக்கொண்டேன்.

இரும்புக் குழாயில் கைப்பிடி போடலாம் என்று மகன் முன்வந்தார். ஒரு பக்கம் போட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். உடன் வந்த இயன்மருத்துவர் திருத்தினார்: ஏறும்போது இடப்பக்கக் கைப்பிடியை நல்ல கை பிடிக்கும், இறங்கும்போது அதே கைப்பிடி பலமில்லாத பக்கத்துக்கு வந்துவிடும், ஆகவே இரண்டு பக்கமும் வேண்டும். தோளை விட்டுவிட்டு, இடுப்பில் அகலமான துணியை இறுக்கிக் கட்டி அதைப் பிடித்து எழுப்ப மகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். கொழுந்து பறிக்கையில் படங்குச் சாக்கு கட்டிப் பழகிய இடுப்புத்தானே என்று அந்தத் தாயார் சிரித்தார், வலத் தோளை இடக்கையால் தாங்கியபடியே.

நீங்கள் மலையகத்தவர் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதினேன். லயம், இஸ்தோப்பு, பீலிக்கரை என்ற சொற்களுக்கு விளக்கம் கேட்காத ஒருவர் இத்துறையில் இருப்பது, வார்த்தை குழறிப்போன ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்மவர் என்பது மட்டும் போதாது. நானும் லயத்தில் பிறந்தவள்தான், கேட்கத் தவறினேன். இப்போது நோயாளர் விடுதிக்கு வரும் முதல் நாளிலேயே, வீட்டில் எத்தனை படி, தண்ணீர் எங்கே, இரவில் யார் உடன் படுப்பார் என்பதைக் கேட்டு எழுதிவிடுகிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பலன் மெதுவாகத்தான் வரும். சிலருக்கு நடை திரும்பவே திரும்பாது, அதை அவரிடமும் குடும்பத்திடமும் பலமுறை, ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே நாளில் குணம் காண விரும்பும் மனம் உங்களுக்கு இருந்தால் அறுவைச் சிகிச்சைத் துறைகள் பொருந்தும்.

முடிவெடுக்கும் முன், ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையிலோ கண்டிக்கருகே திகனையிலோ ஒரு வாரம் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ராகமை என்றால் நமது ரயில் பாதையிலேயே இருக்கிறது. போனால், நிபுணரின் வார்ட் சுற்றுடன் நிறுத்திக்கொள்ளாமல், இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் வேலை செய்யும் கூடத்தில் ஒரு முழு நாள் உட்காருங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒருவர் இருபது நிமிடம் எடுப்பதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்குப் பிடித்திருந்தால், விண்ணப்பியுங்கள்.