ஆங்கிலத்தில் ஆய்வுரையா? முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள்

கருத்தரங்கில் 10 நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்று தூக்கமே வரவில்லை என எழுதியிருக்கிறீர்கள். முழு உரையையும் எழுதி மனப்பாடம் செய்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நெட்டுரு போட்டவருக்கு ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் வராது. அதோடு, எழுத்து ஆங்கிலத்தை அப்படியே ஒப்பித்தால் கேட்பவருக்கும் சிரமம். கட்டுரையில் 'இட் வாஸ் அப்சர்வ்டு தட்' என்று எழுதியிருப்பீர்கள். பேசும்போது 'வி ஃபவுண்ட்' போதும். உங்களுக்கும் மூச்சு மிச்சம்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. முதல் இரண்டு வாக்கியங்கள், கடைசி வாக்கியம், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்பு வாக்கியங்கள். 'தட் இஸ் தி ப்ராப்ளம். நவ், அவர் மெத்தட்' என்ற அளவுக்கு எளிமையாக இருக்கட்டும். படிப்பவர் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. நடுவில் நீங்கள் தடுமாறினாலும், நேராக அடுத்த இணைப்பு வாக்கியத்துக்குப் போய்விடலாம்.

நிமிடத்துக்கு 120 சொற்கள் என்றால் 10 நிமிடத்துக்கு 1,200 சொற்கள்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய 'த்ரீ மினிட் தீசிஸ்' போட்டியில் முனைவர் பட்ட ஆய்வையே 3 நிமிடத்தில், ஒரே ஸ்லைடை வைத்துச் சொல்லி முடிக்க வேண்டும். ஆகவே எதை வெட்டுவது என்று தயங்காதீர்கள். யார் யார் முன்பு என்னென்ன ஆய்வு செய்தார்கள் என்ற நீண்ட பட்டியலில் முதலில் கை வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது வரைபடத்தில்தான். திரையில் வந்த உடனே முடிவைச் சொல்லிவிடுவார்கள்; கேட்பவரோ இன்னும் அச்சுகளைத் தேடிக்கொண்டிருப்பார். கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் வேதிவினையில் கிடைக்கும் விளைபொருளின் சதவீதம் என்று வையுங்கள். 'தி எக்ஸ் ஆக்சிஸ் ஷோஸ் டெம்பரேச்சர். தி ஒய் ஆக்சிஸ் ஷோஸ் யீல்டு, இன் பர்சென்ட்.' ஒரு நொடி நிறுத்துங்கள். 'லுக் அட் தி டாட்டட் லைன். ஆஃப்டர் சிக்ஸ்டி டிகிரீஸ், இட் டிராப்ஸ்.' நான்கு குட்டி வாக்கியங்கள், பிழைக்கே இடமில்லை. (சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பிக் கோடுகளைப் பிரிக்காதீர்கள். சிலருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.)

உச்சரிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் தமிழ் வாடை ஆங்கிலத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்ற மெனக்கெட வேண்டாம். ஆனால் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே புரியாமல் போகலாம். 'அனாலிசிஸ்' என்பதில் 'னா'வுக்கு, 'ஹைபாதிசிஸ்' என்பதில் 'பா'வுக்கு அழுத்தம். உங்கள் தலைப்பில் அடிக்கடி வரும் சொற்களை இணைய அகராதியில் ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பழகுங்கள். வெளிநாட்டார் இருக்கும் அவையில் லட்சத்தை 'ஹண்ட்ரட் தௌசண்ட்' என்றும், கோடியை 'டென் மில்லியன்' என்றும் சொல்லுங்கள்.

சரி, கேள்வி நேரம். அங்கேதான் வயிற்றைக் கலக்கும். கேள்வி காதில் சரியாக விழவில்லையா? 'குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தட்?' என்று கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. விழுந்தது, ஆனால் யோசிக்க நேரம் வேண்டுமா? 'சோ யூ ஆர் ஆஸ்கிங் அபவுட் தி சாம்பிள் சைஸ்' என்று கேள்வியை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் கேட்டவரே திருத்திவிடுவார். விடை தெரியாவிட்டால் 'வி டிட் நாட் டெஸ்ட் தட்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மழுப்பினால் இன்னும் இரண்டு கேள்வி வரும்.

ஏன் இந்த முறை, ஏன் இத்தனை மாதிரிகள், இதன் வரம்பு என்ன என்ற மூன்றும் எந்த அவையிலும் வரக்கூடியவை. அவற்றுக்கான அட்டவணைகளை நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் தனியாகச் சேர்த்து வையுங்கள். அப்புறம், வேறு துறையில் படிக்கும் நண்பர் ஒருவரை உட்கார வைத்து ஒருமுறை பேசிக் காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் விழிக்கும் இடத்தைத்தான் திருத்தி எழுத வேண்டும்.