எருக்குழிப் புழு, வேப்பமரத்து வண்டு: வீட்டுக்கோழிக்கு எது ஆகும், எது ஆகாது? (கேள்வி பதில்)

ஆனைமலையிலிருந்து: அண்ணா, தோப்புல எருக்குழி அள்ளுறப்ப கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளைப் புழு கூடை கூடையா வருது. கோழிக்குப் போடலாமுங்களா? எத்தனை போடறது?

பதில்: தாராளமாப் போடலாமுங்க. அது காண்டாமிருக வண்டோட புழு. விட்டா வண்டாகி உங்க தென்னங்குருத்தைத்தான் துளைக்கும். முட்டை வண்டாக நாலு மாசத்துல இருந்து ஏழு மாசம் வரை ஆகும். அதனால மூணு மாசத்துக்கு ஒருக்கா குழியை அடிவரை கிளறிப் புழுவை எடுத்துட்டா ஒண்ணும் வண்டாகாது.

கோழிக்குக் காலைத் தீவனத்துல பாதியைப் போட்டுட்டுக் கிளற ஆரம்பிங்க. வெறும் வயித்தோட விட்டா புழுவையே தின்னு தீனிப்பை அடைச்சுக்கும். எருவை அரை அடி கனத்துக்கு வெட்டிப் பரப்புங்க, அதுகளே பொறுக்கிக்கும். முத்தின புழு ஒண்ணு பத்து கிராம் பக்கம் வரும். பெரிய கோழிக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல போனா எச்சம் தண்ணியாகும். வாரக்கணக்குல நிறையக் கொடுத்தா முட்டை ஓடும் மெலிஞ்சிரும், ஏன்னா புழுவுல சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கம்மி. கிளிஞ்சல் தூளைத் தீவனத்துல கலக்காம தனி வட்டல்ல வைங்க. முட்டையிடற கோழி வேணுங்கறதை எடுத்துக்கும்.

வளர்ற குஞ்சுக்கு முழுப் புழு வேண்டாம், தாடை பலமா இருக்கும். தலையைக் கிள்ளிட்டு, பின்னாடி கருப்பாத் தெரியற சாணப்பையையும் தள்ளிட்டு, நடுவுல இருக்கறதை நறுக்கிப் போடுங்க.

குழியில பச்சைப் பூசணம் பூத்துச் செத்த புழு கிடந்தா அதைக் கோழிக்குப் போட வேண்டாம், குழியிலேயே விடுங்க. அது மெட்டாரைசியம் பூஞ்சை. மத்த புழுவுக்கும் பரவிக் கொல்லும்.

தாராபுரத்திலிருந்து: கோடை மழை பேஞ்சதும் வேப்பமரத்துல பொழுதோட பழுப்பு வண்டு மொய்க்குதுங்க. லைட் வெச்சுப் பிடிச்சுப் போடலாமா?

பதில்: கடலையில வேர்ப்புழுவா வர்றது இந்த வண்டோட குஞ்சுதானுங்க. முட்டை வெக்கறதுக்குள்ள பிடிக்கறது காட்டுக்கும் நல்லது. லைட்டை விட லேசான வழி இருக்கு. முதல் நல்ல மழைக்கு அப்புறம் இருட்டினதும் மரத்தடியில தார்ப்பாயை விரிச்சுக் கிளையை உலுக்குங்க. வேம்பு, முருங்கை ரெண்டுலயும் விழும். வாளித் தண்ணியில கொட்டி மூடிட்டு, காலையில வடிச்சுப் போடலாம்.

லைட் வெச்சா பல்புக்குக் கீழ அகலமான போசியில வெறும் தண்ணி மட்டும் வைங்க. வழக்கமா ஊத்தற சீமெண்ணெயோ சோப்புத் தண்ணியோ கலந்தா அந்த வண்டு கோழிக்கு ஆகாது. பொழுதன்னிக்கும் எரிய விடாம ஒன்பது மணிக்கு மேல அணைச்சிருங்க, இல்லைன்னா நல்லது செய்யற பூச்சியும் சாகும். விதைநேர்த்தியிலோ மண்ணுலயோ குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து போட்ட காடா இருந்தா அந்தப் போகத்துப் புழு, வண்டு எதையும் தொடாதீங்க.

காங்கேயத்திலிருந்து: துவரைப் பூவைத் தின்கிற, கருப்புல செம்பட்டை போட்ட வண்டு?

பதில்: வேண்டாம். அது கொப்புள வண்டு. அதோட உடம்புல இருக்கற காந்தாரிடின் விஷம் கையில பட்டாலே கொப்புளிக்கும், வேக வெச்சாலும் போகாது. கையுறை போட்டுப் பொறுக்கி அழிங்க. கோழி இருக்கற பக்கம் கொட்ட வேண்டாம்.

பல்லடத்திலிருந்து: கட்டுத்தரையில சாணி வண்டைக் கோழி நல்லாத் தின்னுதுங்க. இப்ப எச்சத்துல அரிசி மாதிரி என்னமோ நெளியுது.

பதில்: அது நாடாப்புழுவோட துண்டு. கோழி எச்சத்துல இருக்கற முட்டையை வண்டும் எறும்பும் தின்னும், அதுகளைக் கோழி தின்னும்போது உள்ள போய் ரெண்டு மூணு வாரத்துல புழுவா வளரும். கடையில சாதாரணமாக் கிடைக்கிற பைப்பரசின் மருந்து உருண்டைப் புழுவுக்குத்தான் கேக்கும், நாடாப்புழு அசையாது. எச்சத்தை டப்பாவுல எடுத்துட்டுக் கால்நடை மருந்தகத்துல காட்டி, எடைக்குத் தக்க மருந்து வாங்குங்க. கூண்டுக்கு அடியிலயும் சாணிக்குள்ளயும் பிடிச்ச வண்டை மட்டும் வேக வைக்காமப் போடவே கூடாது. மருந்து கொடுத்துட்டு அடிக்கூளத்தை மாத்தாம விட்டா மறுபடி வரும்.

கோபியிலிருந்து: பொரிச்சு ஒரு வாரமான குஞ்சுக்கு எதைக் கொடுக்கலாம்?

பதில்: கரையான். பழைய பானையில காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, தென்னமட்டைத் துணுக்கு அடைச்சுத் தண்ணி தெளிச்சு, கரையான் ஓடற மண்ணு மேல பொழுதோட கவுத்து வைங்க. விடிஞ்சதும் எடுத்துத் தட்டினா கொட்டும். வெயில் ஏறினா மண்ணுக்குள்ள இறங்கிரும், அதனால நேரம் முக்கியம்.

கொடுமுடியிலிருந்து: தம்பி, மிச்ச எருக்குழிப் புழுவைக் காயவெச்சு வைக்கலாமா? நேத்து செத்துப் போனதும் கொஞ்சம் கிடக்குது.

பதில்: உசுரா இருக்கறதை மட்டும் எடுங்கம்மா. கொதிக்கற தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டு வடிச்சு, நல்ல வெயில்ல மூணு நாள் காயவிட்டு, ஒடிச்சா படக்குனு ஒடியணும். ஈரம் நின்னா பூசணம் பிடிக்கும். செத்து அழுகினதுல நஞ்சு ஊறியிருக்கும். தின்ன கோழி கழுத்தைத் தூக்க முடியாமத் துவண்டு விழும், பிழைக்க வைக்கறது கஷ்டம். நேத்து செத்ததைக் கோழி கிளறாத ஆழத்துல குழி தோண்டிப் புதைச்சிருங்க.