தறிக்குடோனில் டார்க்த்ரோன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சோமனூர்க்காரன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நீங்கள் இசை பற்றி எழுதியதையெல்லாம் வாசித்திருக்கிறேன். நான் கேட்கப்போவது அவற்றில் எதிலும் சேராது.

எங்கள் கம்பெனியில் ஷில்லாங்கிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் ஷிப்மென்ட் வேலை இழுத்து இரவாகிவிட்டது. தன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினார். நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1994ல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பம். இதற்குப் பெயர் பிளாக் மெட்டல், ராக் இசையிலிருந்து வந்த மெட்டலில் ஒரு வகை என்றார். இயர்போன் பழுது என்றுதான் நினைத்தேன். ஒரே இரைச்சல், நடுவில் யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார். உடனே கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்த இரைச்சலுக்குள் ஓடிய மெட்டு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. போனில் தேடி எடுத்து முழுதாகக் கேட்டேன். சோமனூரில் இறங்க மறந்து கருமத்தம்பட்டி போய்த் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை சார். முன்பு கேட்ட பாட்டெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியதுபோல இருக்கிறது. அந்தக் குழுவின் லோகோவை ஒரு டீசர்ட்டில் அச்சடிக்கக் கொடுத்தேன். பிரிண்டிங் பட்டறைக்காரர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது எழுத்துங்களா, வேருங்களா? பிலிம் கசிஞ்சிருச்சாட்ட இருக்குது" என்றார். அம்மா, "ஏஞ்சாமி, பேய் புடிச்சவனாட்ட இதையே கேக்கற?" என்கிறார். நண்பர்கள் இது சாத்தான் பாட்டு, இதைப் பாடியவர்கள் கொலைகாரர்கள் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் அதிலும் உண்மை இருக்கிறது.

இத்தனை சத்தத்தில் என் மனம் ஏன் அடங்குகிறது? மொழியும் தெரியாது, அந்த நாட்டின் குளிரும் தெரியாது. எனக்கும் இதற்கும் என்ன உறவு? அந்தக் குற்றங்களைத் தெரிந்துகொண்டும் கேட்பது சரியா? அடுத்து எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., சோமனூர்

பி.கு: அப்பா கூலிக்குத் தறி ஓட்டியவர். கட்டுப்படியாகாமல் போன வருடம் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிட்டோம்.

*

அன்புள்ள எஸ்,

கடிதத்தில் முக்கியமான வரியைப் பின்குறிப்பில் தள்ளிவிட்டீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்த குழந்தை தறிச்சத்தத்தில் தூங்கும், கரண்டு போனால் விழித்துக்கொள்ளும். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வார். வெளியூர் ஆளுக்குத் தறிக்குடோனில் கால் வைத்ததும் தலை கிறுகிறுக்கும். அங்கேயே வேலை செய்பவருக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. அதில் ஏற்படும் மாற்றம் மட்டுமே கேட்கும். உங்கள் அப்பா குடோனுக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, இத்தனாவது தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா சரியாகப் போகவில்லை என்று எழுந்து போயிருப்பார். அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கிற அடிக்குள் ஒரு தறியின் தட்டு அரைக்கணம் பிந்துவது அவர் காதில் விழும். நீங்களும் சின்ன வயதிலிருந்து அதற்குள்தான் தூங்கி எழுந்திருக்கிறீர்கள்.

இப்போது அந்த ஆல்பத்துக்கு வருவோம். முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் தொடக்கத்தில் பிடித்த அடியை ஏறக்குறைய கடைசிவரை விடுவதில்லை. மற்ற மெட்டல் குழுக்களில் டிரம்மர் தன் திறமையைக் காட்டுகிற உருட்டலோ திடீர் நிறுத்தமோ கிடையாது. கிதாரில் ஒவ்வொரு சுரத்தையும் மேலும் கீழுமாக விடாமல் அதிவேகமாக மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதை ட்ரெமோலோ என்பார்கள். கை அவ்வளவு வேகமாக ஓடுகிறது, ஆனால் மெட்டு நகர்வது மிக மெதுவாக. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவசரமில்லாமல் போகிறது. மேலே பேய் வேகம், உள்ளே ஆமை நடை. வேகத்தை மட்டும் கேட்பவருக்கு அது இரைச்சல். உள்ளே இருக்கும் மெதுவான நடையைப் பிடித்துவிட்டவருக்கு மேல் இரைச்சல் தானாக விலகிவிடும். மனம் அடங்குவது அப்போதுதான். பலருக்கு இந்தக் கேட்கும் முறை கைவர வருடங்கள் ஆகும். உங்களுக்கு ஒரு பஸ் பயணம் போதுமாக இருந்தது. காரணம், அந்தக் காது உங்களிடம் முன்பே இருந்தது. தறிக்குடோன் உருவாக்கியது அது. வேலைக்கு மட்டுமே பயன்பட்ட அந்தக் காதால் இசையையும் கேட்கலாம் என்று அந்த ஆல்பம் உங்களுக்குக் காட்டியது.

இதைச் சொன்னதும் பிளாக் மெட்டல் என்றால் தறிச்சத்தம்தான் என்று நீங்கள் நண்பர்களிடம் சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. தறியின் சத்தம் காடாத்துணியின் கழிவு. சத்தமில்லாமல் நெய்ய முடிந்தால் உங்கள் அப்பா மகிழ்ந்திருப்பார். டார்க்த்ரோன் விஷயத்தில் அந்தச் சத்தம் ஒரு தேர்வு. அவர்கள் 1991ல் வெளியிட்ட முதல் ஆல்பம் டெத் மெட்டல் என்ற வேறொரு மெட்டல் வகை. ஸ்டாக்ஹோமில் அன்று புகழ்பெற்றிருந்த சன்லைட் ஸ்டூடியோவில் ஒழுங்காகப் பதிவுசெய்யப்பட்டது. வாசிப்பிலும் குறை சொல்ல முடியாது. அடுத்த வருடமே அந்தத் துலக்கமான ஒலியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு திசையில் போனார்கள். அவர்களுடைய ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்கே அந்த மாற்றத்தில் விருப்பமில்லை. 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வரும்போது நிலைமை இன்னும் முற்றிவிட்டது. ஃபென்ரிஸ் என்ற டிரம்மர் வீட்டில் நான்கு தடங்களில் மட்டும் பதியும் ஒரு ரெக்கார்டரை வைத்துக்கொண்டு டிரம்ஸ், கிதார், பேஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிவுசெய்தார். குழுவின் பாடகர் நொக்டூர்னோ குல்டோ பின்னால் குரல் மட்டும் சேர்த்தார். எட்டுப் பாட்டு, 39 நிமிடம். நல்ல ஒலி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த ஒலியைத் தேர்ந்தெடுத்தார்கள். வசதியில்லாமல் மோசமாகப் பதிவுசெய்த எத்தனையோ குழுக்கள் அவர்களைப் பின்பற்றின. அவற்றில் பெரும்பாலானவை குப்பை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இதை முதலில் கேட்டது கோவையில், பொறியியல் கல்லூரி விடுதியில், கேசட்டிலிருந்து எடுத்த கேசட்டின் நகலில். டேப்பின் சீற்றம் எது, பாட்டின் சீற்றம் எது என்று பிரிக்க முடியவில்லை. பல வருடம் கழித்து நல்ல சிடி கிடைத்தபோது இப்போதாவது தெளிவாகக் கேட்கலாம் என்று போட்டேன். சீற்றம் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சோப்புப் போட்டுக் கழுவியதுபோல இருக்கிறது என்று மற்ற பாட்டுகளைச் சொல்கிறீர்கள். இது எல்லோருக்கும் வருகிற காய்ச்சல், தானே இறங்கும். அதுவரை இளையராஜாவைப் பற்றி யாரிடமும் கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

'எனக்கும் இதற்கும் என்ன உறவு' என்ற கேள்விக்கு நார்வே பக்கம் போகவே வேண்டாம். அம்மா பேய் புடிச்சவனாட்ட என்கிறார் அல்லவா? அவர் நோம்பி சமயத்தில் சாமியாடியின் முன்னால் நின்று அருள்வாக்குக் கேட்டிருப்பார். அந்தக் குரலில் எந்த இனிமை இருந்தது? அடிவயிற்றிலிருந்து கிழிந்து வருகிற குரல் அது. அதைக் கேட்டு அம்மா பயந்து ஓடியிருக்க மாட்டார், கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். குரல் மனிதத்தன்மையை இழக்கும்போது அங்கே வேறொன்று வந்து பேசுகிறது என்ற நம்பிக்கை நம் மண்ணில் மிகப் பழையது. சாத்தானைக் கூப்பிட்ட அந்த நார்வேப் பையன்களிடம் வழிவழியாக வந்த கோயிலும் இல்லை, உடுக்கையும் இல்லை. கிடைத்த கிதாரை வைத்துத் தாமாகவே ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது.

அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டிருக்கிறீர்களா? பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி நல்லதங்காள். நம் ஊரில் கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டை இரவு முழுக்க உட்கார்ந்து கேட்டவர்கள் குறைந்துவருகிறார்கள். 1960களில் மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். அந்தக் கதையை இரவிரவாகப் பாடக் கேட்டு டேப்பில் பதிவுசெய்தார். பாடகரின் குரல் நேரம் போகப் போகக் கரகரத்துத் தேயும். ஒரே உடுக்கடி, ஒரே மெட்டு, அதன்மேல் கதை ஏறி ஏறிப் போகும். அண்ணன்மார் மாண்டு கிடக்கும் படுகளத்தில் தங்காள் அவர்களைத் தேடிவந்து அழுகிற இடம் வரும்போது, கேட்பவர்களில் சிலர் விழுந்துவிடுவார்கள். செத்தவர்களைப் போலவே கிடப்பார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். விடாத ஒரே தாளம் மனிதனை என்ன செய்யும் என்று கொங்குநாட்டுக்காரருக்கு ஆஸ்லோவிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் டார்க்த்ரோன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தால் எனக்கு மகிழ்ச்சி. போகாவிட்டாலும் குற்றமில்லை. ஒரு இசையை ரசிக்க நம் ஊரில் அதற்கு ஒரு தாத்தா இருந்தே ஆக வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

இனி அந்தக் குற்றங்கள். இதில் பூசி மெழுகக் கூடாது. நார்வேயின் பெர்கன் நகரத்தில் ஃபாண்டாஃப்ட் மரத்தேவாலயம் 1992 ஜூன் 6 அன்று எரிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது அது. அதைத் தொடர்ந்து வேறு தேவாலயங்களையும் இந்த இசை வட்டத்தார் எரித்தார்கள். 1993 ஆகஸ்டில் மேஹெம் என்ற பிளாக் மெட்டல் குழுவின் கிதார்க்காரர் யூரோனிமஸை, பர்ஸம் என்ற பெயரில் இசையமைத்துவந்த வார்க் விக்கெர்னெஸ் குத்திக் கொன்றார். மறுவருடம் 21 வருடத் தண்டனை, அன்று நார்வேயில் அதற்கு மேல் தண்டனை கிடையாது. உங்கள் ஆல்பத்தின் கடைசி நான்கு பாட்டுகளுக்கு வரிகள் எழுதியவர் அதே விக்கெர்னெஸ்தான். அதோடு, முதலில் வந்த பதிப்பின் பின்னட்டையில் 'நார்வேஜிய ஆரிய பிளாக் மெட்டல்' என்று போட்டிருந்தார்கள். ஆல்பத்தை விமர்சிப்பவர்களை யூதர்களோடு சேர்த்து இழிவாகப் பேசி ஓர் அறிக்கையும் விட்டார்கள். எதிர்ப்பு வந்தபின் மன்னிப்புக் கேட்டார்கள், பின்வந்த பதிப்புகளில் அந்த ஆரியச் சொல்லும் இல்லை. ஃபென்ரிஸும் அந்தக் காலப் பேச்சிலிருந்து விலகிவிட்டார். பிற்காலத்தில் அவர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டு, ஊர் உள்ளாட்சி மன்றத்தில் மாற்று உறுப்பினராகவும் ஆனார். பூனையைக் கையில் வைத்துக்கொண்டு, 'எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்' என்று பிரச்சாரம் செய்து ஜெயித்தவர்!

கலை வேறு, கலைஞன் வேறு என்று ஒரு வாக்கியம் கைவசம் இருக்கிறது. இங்கே அது உதவாது. ஏனென்றால் அந்த வெறுப்பு வீட்டுக்குள் ரகசியமாக இருக்கவில்லை, அட்டையில் அச்சாகியே வந்தது. ஆரியப் பெருமை பேசிய ஒரு பொருளைச் சோமனூர்த் தமிழன் ஒருவன் பஸ்ஸில் கேட்டு இறங்கும் இடத்தை மறக்கிறான் என்றால், அவர்கள் நினைத்தது நடக்கவில்லை என்றுதான் பொருள். அந்த மெட்டுக்கு அதை உண்டாக்கியவனைவிட விசாலமான மனது இருந்திருக்கிறது. அதனால் கேளுங்கள். ஆனால் தெரிந்துகொண்டு கேளுங்கள். யாராவது கேட்டால் மழுப்பாமல் நடந்ததைச் சொல்லுங்கள். விக்கெர்னெஸ் இன்றும் தன் இனவாதத்தை விடாதவர், அவருக்கு என் காசு போகக் கூடாது என்று நான் பர்ஸம் ஆல்பம் எதையும் வாங்குவதில்லை. டீசர்ட் விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆல்பத்தை விரும்புவது ஒன்று, அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிவது இன்னொன்று. டார்க்த்ரோன் லோகோ பரவாயில்லை. பர்ஸம் போடாதீர்கள். பட்டறைக்காரர் கேட்டால் வேர் என்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்து எதைக் கேட்கலாம் என்றீர்கள். உல்வர் குழுவின் 'பெர்க்டாட்' (1995). ஒரு பெண்ணை மலைக்குள் இருப்பவை மயக்கி இழுத்துக்கொள்ளும் கதை, ஐந்து பகுதிகளாக. கத்தலோடு அமைதியான பாடலும் புல்லாங்குழலும் உண்டு. அம்மாவுக்குக் கேட்கக் கொடுப்பதென்றால் இதிலிருந்து தொடங்கலாம். பிறகு எம்பெரர் குழுவின் 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' (1994). நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் குழுவின் டிரம்மர் ஃபௌஸ்டும் ஒரு கொலைக்காகச் சிறை போனவர். இந்தத் துறையில் சுற்றும்போது இப்படித்தான் திரும்பின பக்கமெல்லாம் இடிக்கும். தமிழர் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூரின் ருத்ரா குழு, 1992ல் தொடங்கியது. வேதாந்தத்தை மெட்டலில் கொண்டுவந்தவர்கள். 2005ல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் 1' அவர்களுடைய நல்ல ஆல்பம். உங்கள் ரசனைக்கு அது கொஞ்சம் துலக்கமாகத் தோன்றலாம்.

கடைசியாக ஒன்று. தறிக்குடோனில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதற்குள் வளர்ந்தவர்களுக்குச் செவித்திறன் குறைந்திருப்பது சாதாரணம், அது தெரியாமலேயே பலர் இயர்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கோவையில் ஒரு காது மருத்துவரிடம் போய் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்