ப்ளவுஸ் கட்டிங் ஆன்லைன் வகுப்பு: கைக்காசு போடாமல் தொடங்குவது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ப்ளவுஸ் கட்டிங்தான் என் பலம். வெளியூரிலிருந்தும் கேட்கிறார்கள் என்பதால் ஆன்லைன் கோர்ஸ் போட ஆசை. கையில் இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு போனும் மகனுடைய பழைய லேப்டாப்பும்தான். என் பெயரிலேயே ஆப் செய்து தர ஒரு கம்பெனியில் முப்பதாயிரம் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதை வைத்தே செய்ய முடியுமா? என் வீடியோவை யாராவது எடுத்துப் பரப்பிவிட்டால் என்ன செய்வது? - வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக முடியும். ஆப்புக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு பேட்ச் முடியும்வரை அது உங்களுக்குத் தேவைப்படாது.

எந்தக் கருவி என்று பார்ப்பதற்கு முன்னால், எதை விற்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். யூடியூபில் 'ப்ளவுஸ் கட்டிங்' என்று தேடினால், தமிழிலேயே பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு வீடியோ இருக்கிறது. எல்லாம் இலவசம். ஆனால் அதைப் பார்த்து வெட்டித் தைத்தவர்தான் உங்களைக் கூப்பிட்டு, "அக்கா, கையைத் தூக்கினா ப்ளவுஸே மேல ஏறுது" என்கிறார். அந்த வீடியோவிடம் இதற்குப் பதில் இல்லை. ஆர்ம்ஹோலை (கை இணையும் வளைவை) அளவுக்கு மேல் இறக்கி வெட்டியிருப்பார் என்று உங்களுக்குப் பார்த்ததுமே தெரியும். முன்பக்கம் அக்குள் ஓரத்தில் துணி சுருக்கம் விழுகிறது என்றால், முன்பக்க ஆர்ம்ஹோலைப் பின்பக்கத்தை விட அரை இஞ்சாவது உள்ளே வாங்கி வெட்டாமல் விட்டிருப்பார். தோள் நழுவுகிறது என்றால், பின்கழுத்தை அகலமாக எடுத்திருப்பார். இப்படி ஒவ்வொருவருடைய துணியையும் பார்த்துத் தவறைச் சொல்கிறீர்களே, அதற்குத்தான் மக்கள் பணம் தருவார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வீடியோவை ஒருவர் பரப்பினால், பார்த்தவருக்குக் கிடைப்பது யூடியூபில் ஏற்கெனவே உள்ளதில் இன்னொன்று. உங்கள் திருத்தம் அவருக்குக் கிடைக்காது. அதனால் திருட்டுப் பயத்தில் தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கோர்ஸின் அளவையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். 'தையல் முழுப் பயிற்சி' என்று அறிவிக்காதீர்கள். 'லைனிங் ப்ளவுஸ், நான்கு வாரம். முடியும்போது உங்கள் அளவுக்கு நீங்களே தைத்த ஒரு ப்ளவுஸ் கையில் இருக்கும்' என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே புரியும். முதல் வாரம் அளவெடுத்தலும் பேப்பரில் பேட்டர்ன் வரையும் டிராஃப்டிங்கும், இரண்டாவது வாரம் துணியில் வெட்டுதல், மூன்றாவது வாரம் தைத்தல், நான்காவது வாரம் போட்டுப் பார்த்துத் திருத்துதல். பிரின்சஸ் கட், கட்டோரி போன்ற மற்ற ப்ளவுஸ் மாடல்கள் எல்லாம் அடுத்த கோர்ஸுக்கு இருக்கட்டும்.

ஒரு பேட்சுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒருவருடைய துணியைப் பார்த்து, தவறைக் கண்டுபிடித்து, அவருக்குப் புரியும்படி சொல்லப் பத்து நிமிடமாவது பிடிக்கும். பதினைந்து பேர் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். வீட்டு வேலை, நேரில் வரும் மாணவிகள், கடைத் தையல் எல்லாவற்றுக்கும் நடுவில் உங்களால் ஒதுக்க முடிகிற நேரம் அவ்வளவுதான் இருக்கும். கட்டணத்தையும் இந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் ஒரு பேட்சில் 22,500 ரூபாய். 'ஆன்லைன்தானே, 199 ரூபாய்க்குக் கொடுக்கலாம்' என்று இறங்கினால் நூறு பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும். நூறு பேருடைய ப்ளவுஸை உங்களால் பார்க்க முடியாது. அப்புறம் அது வெறும் வீடியோ விற்பனையாகிவிடும்.

எல்லா வீடியோவையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் அறிவிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் மாற்றிச் செய்யச் சொல்வேன். முதலில் ஒரு இலவச நேரலை வகுப்பு வையுங்கள். கூகுள் மீட்டில் இலவசக் கணக்கிலேயே நூறு பேர்வரை ஒரு மணி நேரம் பேசலாம். ஜூம் இலவசக் கணக்கில் நாற்பது நிமிடம்தான். தலைப்பு 'ப்ளவுஸ் தோள் ஏன் நழுவுகிறது?' என்பது போல ஒரே ஒரு குறையைப் பற்றியதாக இருக்கட்டும். பழைய மாணவிகள், உங்களிடம் தைக்கக் கொடுப்பவர்கள், உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பவர்கள் எல்லாரையும் கூப்பிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் கோர்ஸைப் பற்றிச் சொல்லி, கூகுள் ஃபார்மில் பெயர் பதியச் சொல்லுங்கள். பதிபவர்களின் விவரம் தானாகவே ஒரு ஷீட்டில் சேர்ந்துவிடும். ஐந்து பேர் பணம் கட்டினால்கூட அந்த ஐந்து பேரோடு தொடங்குங்கள். முதல் வாரப் பாடத்தை மட்டும் எடுத்து வைத்தால் போதும். மீதியை வாராவாரம் எடுங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுக்கும் பாடம், முன்கூட்டியே எடுத்ததை விட நன்றாக வரும்.

சரி, இனி வீடியோ. தையல் வீடியோவில் முகம் தெரிவதை விட விரல் தெரிவதுதான் முக்கியம். அதனால் போனை மேஜைக்கு மேலே, கீழ்நோக்கிப் பார்க்கும்படி பொருத்துங்கள். மேஜை விளிம்பில் கவ்வும், வளைத்துத் திருப்பக்கூடிய போன் ஸ்டாண்ட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செலவு என்று பார்த்தால் அது ஒன்றுதான். எந்தப் பக்கமிருந்து எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். எதிரே நிற்பவர் பார்ப்பது போல எடுத்தால், பார்ப்பவருக்குப் பேட்டர்ன் தலைகீழாகத் தெரியும். கழுத்து எது, இடுப்பு எது என்று குழம்புவார். உங்கள் கண் எந்தப் பக்கமிருந்து துணியைப் பார்க்கிறதோ, கேமராவும் அந்தப் பக்கமிருந்தே பார்க்கட்டும். இஞ்ச் டேப்பின் எண்கள் திரையில் நேராகப் படிக்கும்படி இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கறுப்போ கருநீலமோ வேண்டாம், தையலே தெரியாது. வெளிர் நிறக் காட்டன் துணி எடுத்து, அடர்ந்த நிற நூல் போட்டுத் தையுங்கள். வலது கையால் வெட்டுபவர் என்றால் ஜன்னல் உங்கள் இடது பக்கம் இருக்கட்டும். கையின் நிழல் சாக்பீஸ் கோட்டின் மேல் விழாது. போன் கேமராவில் துணி இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கை குறுக்கே போகும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். லென்ஸைத் துடைத்துவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சத்தம் இன்னொரு தலைவலி. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். டிராஃப்டிங், கட்டிங் இரண்டையும் பேசிக்கொண்டே எடுக்கலாம். மெஷின் ஓடும்போது பேசாதீர்கள். தைப்பதை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே குரலைத் தனியாகப் பதிவு செய்து சேருங்கள். போனோடு வந்த ஒயர் இயர்போனின் மைக்கைத் துப்பட்டா ஓரத்தில் குத்திக்கொண்டால் போதும். மகனுடைய லேப்டாப்பில் அடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பின்னணி இரைச்சலைக் குறைத்துக்கொள்ளலாம். வீடியோவை வெட்டி ஒட்டுவதற்கு யூடியூப் கிரியேட் ஆப் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. லேப்டாப்பில் செய்வதென்றால் ஷாட்கட் என்ற இலவச மென்பொருள் நல்லது. அளவு அட்டவணையை இலவச கேன்வாவில் செய்து பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், காப்புரிமைப் பிரச்சினை வரும். கற்றுக்கொடுக்கும் வீடியோவுக்கு இசையே தேவையில்லை.

ஒவ்வொரு பாடமும் ஏழெட்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். முக்கால் மணி நேர வீடியோவில் டாட் (உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) பிடிக்கும் இடத்தை மட்டும் மறுபடி பார்க்க நினைப்பவர் தேடித் தேடிச் சலித்துவிடுவார். 'டாட் பிடித்தல்', 'ஹூக் பட்டி', 'கை இணைத்தல்' என்று தனித்தனியாக இருந்தால் மெஷின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தைப்பார்.

இவற்றை எங்கே போடுவது? முதல் பேட்சுக்கு யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று போட்டு, லிங்க்கை மட்டும் கொடுப்பது எளிது. தேடலில் வராது, ஆனால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம். இன்னும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் 'பிரைவேட்' என்று போட்டு, ஐம்பது இமெயில் முகவரிகள் வரை அனுமதி கொடுக்கலாம். டெலிகிராமில் பிரைவேட் சேனல் தொடங்கினால், சேமிக்கவும் ஃபார்வர்டு செய்யவும் முடியாதபடி தடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு வீடியோ 2 ஜிபி வரை ஏற்றலாம். இன்னொரு போனை வைத்துத் திரையையே படம் பிடிப்பவரை எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது, முப்பதாயிரம் ரூபாய் ஆப்பாலும்தான். கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் போட்டோக்களும் அதே இடத்தைத்தான் பிடிக்கும். வீடியோ போட்டால் சீக்கிரம் நிரம்பிவிடும். அதைப் பிடிஎஃப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடெமி போன்ற, ஆன்லைன் கோர்ஸ் விற்கும் தளங்களிலும் கட்டணம் கட்டாமல் உங்கள் கோர்ஸைப் போடலாம். உங்கள் லிங்க் மூலம் வந்து வாங்கினால் 97 சதவீதம் உங்களுக்கு. உடெமியே ஆளைக் கொண்டுவந்தால் 37 சதவீதம்தான். அங்கே அடிக்கடி பெரிய தள்ளுபடி விலையில்தான் விற்பனை நடக்கிறது. ஆளுக்கு ஆள் திருத்தம் சொல்லும் வகுப்புக்கு அது ஒத்துவராது.

மாணவிகளோடு பேசுவதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வேறு நம்பரில். கட்டணம், நேரம், என்னென்ன துணி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் குவிக் ரிப்ளையாகச் சேமித்துவிட்டால் திரும்பத் திரும்ப டைப் செய்ய வேண்டியதில்லை. சாதாரண குரூப்பில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். உங்களிடம் சேரப்போவது பெரும்பாலும் பெண்கள். அதனால் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவையோ டெலிகிராம் சேனலையோ பயன்படுத்துங்கள். அவற்றில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய விஷயம் போட்டோ. ப்ளவுஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, அணிந்த நிலையில் படம் தேவைப்படும். அதை ஒருபோதும் குழுவில் போடச் சொல்லாதீர்கள். முதலில் ப்ளவுஸை மேஜையில் விரித்து, பக்கத்தில் இஞ்ச் டேப் வைத்து, ஒருமுறை நேராகவும் ஒருமுறை உள்பக்கம் வெளியே திருப்பியும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதித் தவறுகள் அதிலேயே பிடிபடும். அணிந்த படம் வேண்டியே இருந்தால், முகம் இல்லாமல், உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பட்டும். பார்த்துச் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள். விருப்பமில்லாதவர் ஒரு சுடிதார் மேல் போட்டும் எடுக்கலாம், சுருக்கம் எந்த இடத்தில் என்பது ஓரளவு தெரியும். இந்த ஏற்பாட்டைச் சேரும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். விளம்பரத்துக்கு மாணவிகளின் படத்தைப் போடுவதானால் அவர்களிடம் தனியாகக் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான்.

திருத்தத்தை எப்படிச் சொல்வது? வந்த போட்டோவிலேயே விரலால் சிவப்புக் கோடு போட்டு, 'இங்கே கால் இஞ்ச் உள்ளே வாங்கித் தைங்க' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சேர்த்து அனுப்புங்கள். நேரில் சொல்வது போலவே இருக்கும்.

பணத்துக்கு யுபிஐ போதும். கியூஆர் படத்தையும் யுபிஐ ஐடியையும் அனுப்பினால் முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சேர்க்காதீர்கள், போலியாகச் செய்வது சுலபம். வங்கி ஆப்பைத் திறந்து பணம் வந்துவிட்டதா என்று நீங்களே பாருங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. 'பின் போடுங்க, பணம் வந்துடும்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் கணக்குப் பார்ப்பது சுலபம். வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்ந்தால் பேபால் வழியாக வாங்கலாம். இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை அது 2021 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் இயங்குகிறது. கட்டணம் பிடிப்பார்கள், அதையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பித் தரும் விதியை முதலிலேயே எழுதிவையுங்கள். முதல் வாரம் முடிவதற்குள் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப, அதன் பிறகு இல்லை என்பது நியாயமாக இருக்கும்.

ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு தேவை. பெங்களூருவிலும் மும்பையிலும் இருப்பவர்கள் சேர்ந்தாலும் அந்த வரம்புக்குள் இதே விதிதான். ஆனால் இந்த வருமானமும் உங்கள் தையல் வருமானத்தோடு சேர்ந்து வருமான வரிக் கணக்கில் வரும். யார், எப்போது, எவ்வளவு கட்டினார் என்று கூகுள் ஃபார்மில் சேர்ந்த அந்த ஷீட்டிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.

சான்றிதழ் கேட்பார்கள். பயிற்சி முடித்ததாக நீங்கள் ஒன்று கொடுக்கலாம். 'அரசு அங்கீகாரம்' என்ற சொல்லை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். தையலுக்கு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகள் வேறு. அந்தச் சான்றிதழ்தான் வேண்டும் என்பவருக்கு அந்த வழியைச் சொல்லிவிடுங்கள்.

முதல் பேட்ச் நடக்கும்போது, எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் சந்தேகம் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்கைந்து பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் குறை பாடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். என் கணிப்பு, அது அளவெடுக்கும் பாடமாகத்தான் இருக்கும். தனக்குத்தானே மார்புச் சுற்றளவு எடுக்கும்போது டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடுவது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த பேட்சுக்கு அந்தப் பாடத்தை மட்டும், கண்ணாடி முன்னால் நின்று, பக்கவாட்டிலிருந்தும் தெரியும்படி மறுபடி எடுங்கள்.